கர்ப்பப்பைப் புற்றுநோய் சிகிச்சை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப அம்மாவுக்கு எலும்புல: ஊசி போட்டு எடுத்துப் பார்க்கலாமா?

தறிச்சத்தம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் அருப்புக்கோட்டை. ரெண்டு வருஷமா இங்க மத்தவங்க எழுதுறதைப் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்கு நான் கேக்க வேண்டியதா ஆயிடுச்சு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 63 வயசு. கைத்தறிக்குத் தார் சுத்துறவங்க, அதாவது நாடாவுக்குள்ள வைக்கிற குச்சியில நூல் சுத்துறவங்க. அப்பா தறியில இருந்தவரைக்கும் அவருக்குச் சுத்தினாங்க. அவர் போனப்புறம் தெருவுல ரெண்டு வீட்டுக்குச் சுத்திக் கொடுத்தாங்க. தரையில ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி ராட்டை முன்னால உக்காந்தா மதியச் சோறு வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. இதை ஏன் சொல்றேன்னா, முதல்ல மாறினது அதுதான். போன ஆடியில ஒருநாள் பார்த்தா ராட்டையைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சிருக்காங்க. கேட்டதுக்கு, "கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல"ன்னாங்க. வயசாகுதுன்னு நானும் விட்டுட்டேன். அந்த அன்னைக்கே யோசிச்சிருக்கணும்.

முன்னாடி நடந்தது இது. மாதவிலக்கு நின்னு ஒன்பது வருஷம் கழிச்சு, 2022ல அம்மாவுக்கு ரத்தம் பட ஆரம்பிச்சிருக்கு. அஞ்சு மாசம் யார்கிட்டயும் சொல்லல. பழைய சேலையைக் கிழிச்சு வச்சுக்கிட்டு, ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் துவைச்சுப் போட்டிருக்காங்க. கொல்லைக் கொடியில கிடந்த துண்டுத் துணியைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சது. கர்ப்பப்பை வாய் இல்ல, உள்சுவர்ல வர்ற புற்றுநோய்னு சொன்னாங்க. 2023 ஜனவரியில மதுரையில ஆபரேஷன். கர்ப்பப்பை, குழாய், ரெண்டு சினைப்பை, கூட நிணநீர்க் கணுக்களும் எடுத்தாங்க. ரிப்போர்ட்ல இருக்கிறதை அப்படியே எழுதுறேன், தெரிஞ்சவங்களுக்குப் புரியும்: எண்டோமெட்ரியாய்டு வகை, கிரேடு 3, தசைச்சுவர்ல பாதிக்கு மேல இறங்கியிருக்கு, எல்விஎஸ்ஐ பாசிட்டிவ், எடுத்த கணு ஒண்ணுலயும் இல்ல. ஸ்டேஜ் 1பி. அதுக்கப்புறம் 25 நாள் வெளியில இருந்து கதிர்வீச்சு, கடைசியா உள்ள கருவி வச்சு ரெண்டு தடவை. ஏப்ரல் கடைசியில எல்லாம் முடிஞ்சது. "கணுவுல இல்ல, நல்ல செய்திம்மா"ன்னு டாக்டர் சொன்னார். அன்னைக்கு வர்ற வழியில காரியாபட்டியில இறங்கி அம்மா கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தாங்க.

செக்கப் ஒண்ணு கூட விடல. எல்லாத்துலயும் நல்லாத்தான் இருந்தது.

இந்த இடுப்பு வலிக்கு இங்க பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட ரெண்டு மாசம் போனோம். நரம்பு இழுப்பு, தேய்மானம்னு ஊசி போட்டார். சீட்டுல டைக்ளோஃபெனாக்னு இருந்தது, எண்ணிப் பார்த்தா பதினோரு ஊசி. அவரைக் குத்தம் சொல்லல. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவங்கன்னு நாங்க அவர்கிட்ட சொல்லவே இல்ல. "அதை ஏன் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு"ன்னு அம்மா தடுத்தாங்க, நானும் வாயை மூடிக்கிட்டேன். நடுவுல ஒரு எலும்பு வைத்தியர்கிட்ட போய் எண்ணெய் போட்டு நீவிட்டும் வந்தோம். அன்னைக்கு ராத்திரி முழுக்க அம்மா உக்காந்துக்கிட்டே இருந்தாங்க. படுத்தா வலி கூடுதுன்னாங்க. ராத்திரி வலிதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. மறுவாரம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

எம்ஆர்ஐயில மூணு இடம் தெரியுது. முதுகெலும்புல எல்3ங்கிற இடுப்புப் பக்கத்துக் கணு, இடது இடுப்பெலும்போட இறக்கை, அப்புறம் முதுகெலும்போட அடியில இருக்கிற சேக்ரத்துல ரெண்டு பக்கமும் ஏதோ மாற்றம். பெட் ஸ்கேன்ல எல்3யும் இடுப்பெலும்பும் நல்லா மின்னுது, சேக்ரம் லேசா. நுரையீரல், ஈரல் சுத்தம். "பரவின மாதிரித்தான் இருக்கு. ஆனா எலும்புல ஊசி போட்டு எடுத்துப் பார்க்காம நான் எதையும் ஆரம்பிக்க மாட்டேன்"னு டாக்டர் சொல்லிட்டார்.

வீட்டுல இதுக்குத்தான் சண்டை. ஊசி பட்டா, கத்தி பட்டா தூங்குறது முழிச்சுக்கும், உடம்பெல்லாம் பரவிடும்னு பெரியம்மாவும் சித்தப்பாவும் ஒரே பிடி. "ஸ்கேன்லயே தெரியுதுல்ல, அப்புறம் எதுக்குக் குத்திக் கிளறணும்"ங்கிறாங்க. தம்பி அவங்க பக்கம். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னும் சொல்றான்.

எனக்குப் புரியாதது இதுதான். ஸ்டேஜ் ஒண்ணு, கணுவுல இல்லன்னு சொன்னது எப்படி நேரா எலும்புக்குப் போகும்? இதுக்குப் பேரு எலும்புப் புற்றுநோயா? அந்த ஊசி ஆபத்தா? இதே மாதிரி பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டருக்குப் பதில் சொல்லணும்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

தங்கச்சி, நான் திருநெல்வேலி. எங்க அக்கா கதையைச் சொல்லுதேன், அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணு.

அக்காவுக்கும் இதே நோய், இதே ஆபரேஷன், இதே மாதிரி கதிர்வீச்சு. முடிஞ்சு பதினாலு மாசத்துல இடுப்புக்குக் கீழ, உக்கார்ற எலும்புக்கு மேல வலி. வாசல்ல கோலம் போடக் குனிஞ்சவ அப்படியே திண்ணையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. பாத்ரூம் போகக் கூட ஆள் பிடிக்கணும். எலும்பு ஸ்கேன்ல சேக்ரம் முழுக்கக் கருப்பா வந்துச்சு. "பரவியிருக்க வாய்ப்பு" அப்படின்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டு நாங்க எல்லாம் அழுது முடிச்சாச்சு. அத்தான் நிலத்தை விக்க ஆள் பார்த்துட்டாரு. அக்கா பிள்ளைங்க பேர்ல நகையைப் பிரிச்சு எழுதிட்டா.

அப்புறம் எம்ஆர்ஐ எடுத்து, சந்தேகம் தீராம ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாங்க. புற்றுநோய் ஒரு செல் கூட இல்ல. கதிர்வீச்சுல எலும்பு பலம் குறைஞ்சு, உடம்பு எடையைத் தாங்காம தானாவே விரிசல் விட்டிருக்கு. விழவும் இல்ல, அடிபடவும் இல்ல. மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்கு அடிவயித்துல கதிர்வீச்சு கொடுத்தா ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சு இது வரலாம், சேக்ரத்துல ரெண்டு பக்கமும் வர்றது வழக்கம்னு டாக்டரம்மா விளக்கினாங்க. எலும்பு ஸ்கேன்ல ஆங்கில எச் எழுத்து மாதிரி தெரியுமாம், அக்காவோடதைக் காட்டவும் செஞ்சாங்க.

அவளுக்குக் கால்சியம், வைட்டமின் டி, வாக்கர் வச்சு நாலு மாசம். இப்ப ரேஷன் கடை வரைக்கும் நடந்துதான் போறா.

உங்க அம்மாவுக்கும் அப்படித்தான்னு நான் சொல்ல வரல. ராத்திரி படுத்தாலும் வலி கூடுதுன்னு நீ எழுதினதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. அக்காவுக்குப் படுத்தா வலி குறைஞ்சுது, நின்னாத்தான் கூடுச்சு. ஆனா ரெண்டு பக்கமும் சேக்ரத்துல மாற்றம்னு நீ எழுதியிருக்க பாரு, அதைப் பத்தி டாக்டர்கிட்ட தனியா கேளு. ஊசி போடாம இருந்திருந்தா எங்க அக்காவுக்கு இல்லாத நோய்க்கு கீமோ ஏத்தியிருப்பாங்க. உங்க பெரியம்மாகிட்ட இதைச் சொல்லு.

இயற்கைவழி எழுதியது:

சகோதரி, கதிர்வீச்சும் கீமோவும் உடம்பை இன்னும் உருக்கும். முள் சீத்தா இலை பத்து எடுத்துக் கஷாயம் வச்சு வெறும் வயிற்றில் 48 நாள் கொடுங்க. எங்கள் ஊரில் பலருக்குக் குணமாகியிருக்கிறது. ஊசி வேண்டாம்.

தறிச்சத்தம் எழுதியது:

தாமிரபரணி அக்கா, ரொம்ப நன்றி. நீங்க எழுதினதைப் பெரியம்மாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். நகையைப் பிரிச்சு எழுதின இடம் வந்தப்ப ஒண்ணும் பேசல, எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

இயற்கைவழி ஐயா, நல்லா இருக்கணும்னு நினைச்சுத்தான் சொல்றீங்க, தெரியுது. ஆனா நான் கொடுக்கப்போறதில்ல. ஏற்கெனவே ரெண்டு மாசம் தப்பான இடத்துல போயிடுச்சு. இன்னும் 48 நாள் என்கிட்ட இல்ல.

கோபால்ட்_காலத்து_ஆள் எழுதியது:

மகளே, நான் டாக்டர் இல்லை. கதிர்வீச்சுப் பிரிவில் இயந்திரம் இயக்குபவனாக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோபால்ட் இயந்திரத்தில் தொடங்கி லீனியர் ஆக்சிலரேட்டரில் முடித்தேன். உங்கள் அம்மாவைப் போன்ற பலரைப் படுக்கையில் சாய்த்து நேராக வைத்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவு உங்கள் டாக்டருடையது.

முதலில், ஸ்டேஜ் ஒன்று எப்படி எலும்புக்குப் போனது என்ற கேள்வி. அறுவை சிகிச்சை நடந்த நாளில் கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எதுவரை தெரிந்தது என்பதற்குத்தான் ஸ்டேஜ் என்று பெயர். அதற்கு முன்பே ரத்தத்தில் தப்பிப்போன சில செல்களை எந்த ஸ்கேனும் காட்டாது. உங்கள் ரிப்போர்ட்டில் எல்விஎஸ்ஐ பாசிட்டிவ் என்று எழுதியிருப்பது அதைத்தான்: குழாய்களுக்குள் செல் நுழைந்திருக்கிறது. கிரேடு 3 வேறு. யாரும் உங்களை ஏமாற்றவில்லை, நீங்களும் எதையும் கோட்டை விடவில்லை. கணுவுக்குப் போகாமலே எலும்புக்குப் போகவும் ஒரு வழி இருக்கிறது. அடிவயிற்று ரத்தக்குழாய்களுக்கும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தச் சிரைகளில் வால்வு கிடையாது. இருமும்போதும் முக்கும்போதும் ரத்தம் எதிர்த்திசையில் தள்ளப்படும். பேட்சன் என்ற மருத்துவர் 1940இலேயே இதை விளக்கிவிட்டார்.

பரவியதுதான் என்றாலும் இது எலும்புப் புற்றுநோய் அல்ல. எலும்பில் வந்து குடியேறிய கர்ப்பப்பைப் புற்றுநோய். அருப்புக்கோட்டைக்காரர் மதுரைக்குக் குடிபோனாலும் அருப்புக்கோட்டைக்காரர்தானே. மருந்தும் கர்ப்பப்பைக்கு உரியதாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆனால் இந்த நோய் திரும்பி வந்தால் பெரும்பாலும் பெண்ணுறுப்பின் மேல்முனை, அடிவயிற்றுக் கணுக்கள், நுரையீரல் என்றுதான் வரும். எலும்புக்குப் போவது குறைவு. குறைவு என்பதால்தான் உங்கள் டாக்டர் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். திருநெல்வேலிச் சகோதரி சொன்ன விரிசலாக இருக்கலாம், வேறொரு நோயாகவும் இருக்கலாம், பரவியதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இங்கே இருப்பது பரவியதுதான் என்றால், அது ஏற்கெனவே ரத்தத்தின் வழி வந்தது. மெல்லிய ஊசி அதற்குப் புதிதாக வழி திறந்துவிடப் போவதில்லை. சிடி ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து எடுப்பார்கள். ரத்தம் உறையும் தன்மையை முதலில் சோதிப்பார்கள். அம்மா ரத்தம் இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எடுக்கப்போகும் நாளில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு, இதைப் பலர் கேட்பதில்லை. எலும்புத் துண்டை அறுக்க முடியாது என்பதால் அதை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்குவார்கள். கடுமையான அமிலமானால் பிறகு செய்யும் சில சோதனைகள் கெட்டுப்போகும். ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), எம்எம்ஆர் (மரபணுப் பிழையைத் திருத்தும் புரதங்கள்) சோதனைகள் தேவைப்படும் என்று டாக்டர் சீட்டில் முன்பே எழுதித் தரட்டும். ஆய்வகம் அதற்கேற்பக் கையாளும். அப்படியும் கெட்டுப்போனால் கவலை வேண்டாம், 2023இல் எடுத்த கர்ப்பப்பையின் மெழுகு பிளாக் ஆய்வகத்தில் இருக்கும். எழுதிக் கொடுத்தால் தருவார்கள். அதிலும் சோதிக்கலாம்.

என் பிரிவுக்கு வருகிறேன். பழைய கதிர்வீச்சின் முழு விவரத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்: எத்தனை கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), எத்தனை நாள், எந்த எல்லை வரை, கணினித் திட்டம் இருந்தால் சிடியில். எல்3 பெரும்பாலும் அந்தப் பழைய எல்லைக்கு மேலே இருக்கும். இடுப்பெலும்பு பாதி உள்ளே வந்திருக்கலாம். ஏற்கெனவே வாங்கிய அளவு தெரியாமல் மறுபடி கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. விவரம் தெரிந்தால் வலிக்காகக் கொடுக்க வழி உண்டு. எலும்பு வலிக்கு 8 கிரே ஒரே நாளில் கொடுத்து அனுப்புவதும், 20 கிரேயை ஐந்து நாளில் கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே நாளில் முடித்துவிட்டார்களே, கைவிட்டுவிட்டார்களோ என்று அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. கொடுத்த ஓரிரு நாளில் வலி கூடலாம், பயப்படாதீர்கள். குறைய இரண்டு வாரம், சிலருக்கு நாலு வாரம் கூட ஆகும்.

அதுவரை அம்மா குடம் தூக்க வேண்டாம், குனிந்து நூல் கட்டுகளை இழுக்க வேண்டாம். எண்ணெய் போட்டு நீவுவது கூடவே கூடாது. பலம் போன எலும்பை அமுக்கினால் முறியும். பதினோரு டைக்ளோஃபெனாக் என்கிறீர்கள், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் பார்த்தார்களா? எலும்பைக் காக்க சோலெட்ரோனிக் அமிலம் 4 மில்லிகிராம் நரம்பில் ஏற்றுவார்கள், அதற்கும் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆடுகிற பல், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மருந்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் கெட்டுப்போகலாம். அம்மாவுக்கு வெற்றிலை பழக்கம் உண்டா? தாகம் அடங்காமல், மலம் இறுகி, வாந்தி எடுத்து, பேச்சுத் தடுமாறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

வலிக்கு மார்ஃபின் எழுதினால் மறுக்காதீர்கள். 2014இல் சட்டம் திருத்திய பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதைக் கொடுக்க முடிகிறது. எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. எங்கே தருவார்கள் என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணம் பார்க்கும் செவிலியர் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

வடமராட்சி எழுதியது:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். ஐயா எல்லாம் வடிவா விளங்கப்படுத்திப் போட்டார். ஒண்டை மட்டும் நான் சொல்ல வேணும், அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் கேக்கேல்லை.

என்ர மனிசி ரீச்சர். அவவுக்கும் கர்ப்பப்பையில வந்து, ஒப்பரேசன் செய்து, தெல்லிப்பழையில மருந்து எடுத்தவ. மூண்டு வருசத்தால முதுகெலும்புக்கு வந்திட்டுது. முதுகில ஒரு பட்டி இறுக்கிக் கட்டின மாதிரி நோ எண்டு ஒரு கிழமையாச் சொல்லிக்கொண்டிருந்தவ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கிணத்தடியில இருந்து வீட்டுக்குள்ள வந்தா. இடக்காலில செருப்பு இல்லை. "செருப்பு எங்க?" எண்டு கேட்டன். குனிஞ்சு பாத்திட்டுத்தான் அவவுக்கே தெரிஞ்சது, கழண்டு விழுந்தது காலுக்குத் தெரியேல்லை.

திங்கட்கிழமை எங்களுக்குக் கிளினிக். ஒரு இரவுதானே, விடியக் கொண்டு போவம் எண்டு நான் நினைச்சன். அண்டிரவு அவவுக்குச் சலம் போகேல்லை. விடிய எழும்ப ரெண்டு காலும் ஏலாது. கொண்டு போன உடனே எம்ஆர்ஐ, டெக்சாமெதசோன் ஊசி, அண்டைக்கே கதிர் எல்லாம் செய்தவை. முள்ளந்தண்டுக்குள்ள நரம்பை அது நெரிச்சுப் போட்டுதாம். "நடந்து வாற ஆக்கள் பெரும்பாலும் நடந்து போவினம். நடக்கேலாமல் வந்தால் திருப்பி எடுக்கிறது கஷ்டம்" எண்டு டாக்குத்தர் சொன்னவர். அவ பிறகு நடக்கேல்லை. அந்த ஒரு இரவு இண்டைக்கும் என்னோட இருக்கு.

அதால சொல்லுறன். அம்மாவுக்குப் புதுசா முதுகு நோ கூடினால், கால் உதறினால், மரத்தால், தடுக்கினால், சலம் மலம் போறது மாறினால் ஞாயிறு திங்கள் பாக்காதேங்கோ, நடுச்சாமம் பாக்காதேங்கோ. அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. போய், "கான்சர் எலும்புக்குப் பரவின ஆள், கால் மரக்குது" எண்டு முதல் வசனமாச் சொல்லுங்கோ.

மற்றது மார்ஃபின். நானும் பயந்தனான். போதைக்கு அடிமை ஆகிடுவா எண்டு, அவ அழுதால் மட்டும் குடுத்தன். வீட்டை வந்த நேர்ஸ் பிள்ளை என்னைப் பேசிப்போட்டா. நோ வந்தாப் பிறகு குடுக்கிறதில்லை, மணிக்கூட்டைப் பாத்து நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, கூடவே வயித்தால போக மருந்து எண்டு எழுதித் தந்தவ. அதுக்குப் பிறகு அவ கட்டிலில சாய்ஞ்சிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையளின்ர கணக்குக் கொப்பி திருத்தினா. பதின்மூண்டு மாதம் இருந்தவ. கடைசிக் கிழமை வரைக்கும் திருத்தினவ.

தறிச்சத்தம் எழுதியது:

ஒரு மாசம் ஆகப்போகுது. யாருக்கும் பதில் எழுத முடியல, மன்னிச்சுக்கோங்க.

ஊசி போட்டாச்சு. குப்புறப் படுக்கவச்சு சிடி அறையில முக்கால் மணி நேரம். "பல்லு பிடுங்குற மாதிரி அமுக்குச்சு, வேற ஒண்ணும் இல்ல"ன்னு அம்மா சொன்னாங்க. அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டோம். ஐயா சொன்ன மாதிரி சோதனை பேரெல்லாம் சீட்டுல முன்னாடியே எழுதி வாங்கினேன். "இது யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"ன்னு டாக்டர் கேட்டார்.

இடுப்பெலும்புல இருக்கிறது பரவினதுதான். கர்ப்பப்பையில இருந்து வந்ததுன்னு தெளிவா எழுதிட்டாங்க. எல்3யும் அதேதான்னு டாக்டர் சொல்றார். ஆனா சேக்ரம், அது கதிர்வீச்சு விரிசலாம். எம்ஆர்ஐயை ரேடியாலஜி டாக்டரோட மறுபடி உக்காந்து பார்த்துட்டுச் சொன்னார். தாமிரபரணி அக்கா, ஒரே உடம்புல ரெண்டும் இருந்திருக்கு. நீங்க சொல்லலன்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

எம்எம்ஆர் சோதனையில எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6னு ரெண்டு புரதம் இல்லன்னு வந்திருக்கு. இதுக்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்புச் சக்தியையே நோயைத் தாக்க வைக்கிற மருந்து, நல்லா வேலை செய்யுமாம், ஒரு தவணைக்கே லட்சக்கணக்குல ஆகும். கம்பெனி உதவித் திட்டத்துக்கு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர் எழுதிப் போட்டிருக்காங்க. அது வர்ற வரைக்கும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல்னு ரெண்டு கீமோ மருந்து மூணு வாரத்துக்கு ஒருதடவை. இன்னொண்ணும் டாக்டர் கேட்டார், வீட்டுல வேற யாருக்காவது குடல்ல, கர்ப்பப்பையில வந்திருக்கான்னு. அம்மாவோட அண்ணன் 46 வயசுல பெருங்குடல் புற்றுநோய்ல போனவர். சொன்னதும் பேனாவைக் கீழ வச்சிட்டார். வழிவழியா வர்ற லிஞ்ச் குறைபாடா இருக்கலாம், அம்மாவுக்கு மரபணு ரத்தப் பரிசோதனை பண்ணணும், இருந்தா எனக்கும் தம்பிக்கும் பண்ணணும்னார். அம்மா ரத்தம் போயிருக்கு. எனக்கு 38 வயசு. தம்பி அன்னைக்குத்தான் முதல்தடவையா ஃபைலை வாங்கிப் படிச்சான்.

அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாங்க பேசிப் பேசித் தீரல. கடைசியில யாரும் சொல்லல. கதிர்வீச்சுக்கு முன்னாடி இடுப்புல மையால கோடு போட்டாங்க. வெளியில வந்து உக்காந்தவங்க என்னைப் பார்த்து, "போன தடவை அடிவயித்துல போட்டாங்க. இப்ப இடுப்புல போடுறாங்க. அப்ப அது அங்க போயிருக்கு, அப்படித்தானே?"ன்னாங்க. ஆமாம்மான்னேன். கொஞ்ச நேரம் கோட்டைச் சேலைக்கு மேல தடவிக்கிட்டே இருந்தாங்க. "பஸ்ல போக வேண்டாம், அந்தக் குலுக்கலு தாங்காது. கார் சொல்லு"ன்னாங்க.

இடுப்புக்கு ஒரே நாள், முதுகுக்கு அஞ்சு நாள். முதல் ரெண்டு நாள் வலி கூடினப்ப ஐயா எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். பன்னெண்டாம் நாள் ராத்திரி அம்மா படுத்துத் தூங்கினாங்க. நான்தான் முழிச்சுக்கிட்டு இருந்தேன், மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டு. மார்ஃபின் நேரம் பார்த்துத்தான் கொடுக்கிறேன் அண்ணா. வெற்றிலை உண்டு ஐயா, கடைவாய்ப் பல்லு ரெண்டு ஆடுச்சு, எடுத்தாச்சு. அந்தப் புண் ஆறினப்புறம்தான் சோலெட்ரோனிக். கிரியேட்டினின் நல்லவேளையா சரியா இருக்கு.

உக்காந்து செய்யுற வேலைன்னா பண்ணலாம்னு டாக்டர் விட்டுட்டார். நேத்து ஸ்டூல்ல ராட்டையை வச்சு எட்டு தார் சுத்தினாங்க.

ஒரு கேள்வி. அண்ணா செருப்பு விஷயம் எழுதினதுல இருந்து, தினமும் ராத்திரி அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிட்டு ஒரு கால்விரலைத் தொட்டு எந்த விரல்னு கேக்கிறேன். இதுவரைக்கும் சரியாச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கப்போற பாக்லிடாக்சல் மருந்தே விரலை மரக்கவைக்கும்னு நர்ஸ் சொன்னாங்க. அப்ப எது மருந்தோட மரப்பு, எது முதுகுல இருந்து வர்றதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

கோபால்ட்_காலத்து_ஆள் எழுதியது:

நல்ல கேள்வி மகளே. மருந்தின் மரப்பு பெரும்பாலும் கால்விரல் நுனி, கைவிரல் நுனி இரண்டிலும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெல்ல மெல்ல வரும். காலுறை போட்ட மாதிரி என்பார்கள். முதுகிலிருந்து வருவது அநேகமாகக் கைக்கு வராது. உங்கள் அம்மாவுக்கு நோய் இடுப்பு முதுகில் இருப்பதால் தொடை வலுவிழப்பது, முழங்கால் மடங்குவது, உட்காரும் இடம் மரப்பது, சிறுநீர் போவது தெரியாமல் போவது, இவைதான் அடையாளம். சில மணி நேரத்திலும் வரலாம், ஓரிரு நாளிலும் வரலாம். விரலை மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லியும் பாருங்கள். எதுவென்று குழப்பமாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். மருந்தின் மரப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் ஒரு கார் வாடகைதான் போகும்.

தறிச்சத்தம் எழுதியது:

இதைப் பெரிய எழுத்துல எழுதி அலமாரிக் கதவுல ஒட்டிட்டேன் ஐயா. கார்க்காரர் நம்பரும் ராத்திரி எடுப்பாரான்னு கேட்டு அதுக்குக் கீழ எழுதியிருக்கேன். தம்பி இன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட படுக்கிறேன்னு வந்திருக்கான். எப்படித் தொட்டுக் கேக்கிறதுன்னு அவனுக்குக் காட்டிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்.